உலாவி மணற்பெட்டியும் கட்டமைப்புத் தானியக்கமும்: தமிழ்த் தரவாய்வை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

நிரலை இணைய உலாவியிலேயே எழுதி உடனே இயக்கிப் பார்க்க உதவும் மணற்பெட்டிகளும், மூலக்கோப்பு முதல் இறுதி விளைவு வரையுள்ள படிகளைத் தாமே நடத்தித் தரும் கட்டமைப்புத் தானியக்கக் கருவிகளும் இன்று நிரலாக்கக் கல்வியிலும் ஆய்விலும் பரவலாகப் பயன்படுகின்றன. இவை ஒன்றுக்கொன்று மாற்று என்ற எண்ணம் நிலவுகிறது. தமிழ்த் தரவைக் கையாளும்போது இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடையளிக்கின்றன என்பதையும், எண்ணிக்கையைச் சான்றாகக் காட்டும் தமிழாய்வு மணற்பெட்டியோடு நின்றுவிடுவதால் விளையும் இடரையும் கன்னியாகுமரி மாவட்ட ஊர்ப்பெயர்கள் சிலவற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மணற்பெட்டி, கட்டமைப்புத் தானியக்கம், ஒருங்குறி, எழுத்தெண்ணிக்கை, அகரவரிசை, மீள்செய்தகைமை

முன்னுரை

நாஞ்சில் நாட்டு ஆசான் பள்ளிகளிலும் தமிழகத்தின் பிற பகுதிகளில் இருந்த திண்ணைப் பள்ளிகளிலும் மாணவர் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகினர். கை படிந்த பின்னரே ஓலையும் எழுத்தாணியும் அவர்களுக்கு வாய்த்தன. மணலில் பிழை நேர்ந்தால் தடவி அழித்துவிடலாம். ஓலையில் கீறியது நிற்கும். பிறர் அதைப் படிப்பர், படியெடுப்பர், தம் படியோடு ஒப்பிட்டுப் பிழை காண்பர். கணினித்துறையினர் ‘சாண்ட்பாக்ஸ்’ என்னும் சொல்லைக் குழந்தைகள் விளையாடும் மணற்பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டனர். தமிழ்க் கல்வி மரபிலோ மணல் விளையாடும் இடம் மட்டுமன்று, எழுதக் கற்ற இடமும் ஆகும். உலாவி மணற்பெட்டியை மதிப்பிடும்போது இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்வது தகும்.

ஒரு நூலில் ஒரு சொல் இத்தனை முறை பயில்கிறது, ஒரு வட்டாரத்து ஊர்ப்பெயர்களில் இத்தனை விழுக்காடு ‘விளை’ என முடிகின்றன என்பன போன்ற கூற்றுகள் தமிழாய்வில் புதியன அல்ல. முன்னர் இவை சொல்லடைவைக் கொண்டும் அட்டைக்குறிப்பைக் கொண்டும் கையால் எண்ணப்பட்டன. எண்ணியவரின் அட்டைகள் பெட்டியில் இருந்தன. ஐயமுற்றவர் மீண்டும் எண்ணலாம். இன்று அதே எண்ணிக்கையைப் பத்து வரி நிரல் ஒரு நொடியில் தருகிறது. அந்த எண் ஆய்வேட்டில் ஏறுகிறது. அதைத் தந்த நிரலோ உலாவியின் தாவல் மூடப்பட்டதும் மறைகிறது. அட்டைப்பெட்டி அளித்த சரிபார்ப்பு வாய்ப்பைக் கணினி அளிக்கவில்லையெனில், வேகம் கூடியிருக்கிறதேயன்றி ஆய்வின் நம்பகம் கூடவில்லை எனலாம்.

இருவகைக் கருவிகளின் இயல்பு

மணற்பெட்டியின் அடிப்படை நோக்கம் காப்பு ஆகும். முன்பின் அறியாத ஒருவர் எழுதிய நிரலை இயக்கும்போது, அது கணினியின் பிற கோப்புகளைத் தொடாதவாறு சுவரெழுப்ப வேண்டும். இதற்கு இருவழிகள் உள்ளன. முதலாவது, நிரலைத் தொலைவிலுள்ள வழங்கிக்கு அனுப்பி அங்குத் தனியறையில் இயக்கி, விடையை மட்டும் உலாவிக்குத் திருப்புவது. 2017-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த கூகுள் கோலாப் இவ்வகையினது. இரண்டாவது, உலாவிக்குள்ளேயே இயக்குவது. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு இது தொடக்கம் முதலே இயல்பு. பிற மொழிகளுக்கு வழிதிறந்தது வெப்அசெம்பிளி என்னும் நுட்பம். உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2019 திசம்பரில் இதனைத் தரநிலையாக ஏற்றது. மொசில்லா நிறுவனத்தில் 2018-இல் தொடங்கப்பட்ட பயோடைட் இந்நுட்பத்தின் துணையால் பைத்தான் மொழியை முழுமையாக உலாவிக்குள் கொண்டுவந்தது.

தமிழ்ச் சூழலில் இதன் பயனை முன்னரே உணர்ந்த முயற்சியாக ‘எழில்’ நிரல்மொழியைக் குறிப்பிடலாம். முத்து அண்ணாமலை உருவாக்கிய இம்மொழி குறித்த ஆய்வறிக்கை 2009-இல் வெளிவந்தது. பதிப்பி, ஆனால், இல்லை, வரை, முடி, பின்கொடு என்னும் தமிழ்ச் சொற்களே இதன் குறிச்சொற்கள். நிபந்தனையை முதலிற்கூறி ‘ஆனால்’ என்பதைப் பின்னிறுத்தும் இதன் தொடரமைப்பு தமிழின் சொல்வரிசைக்கு இசைந்தது. பைத்தான் மீது இயங்கும் இம்மொழியை நிறுவிக்கொள்ளாமலேயே கற்க, நிரலை உலாவியில் எழுதி வழங்கியில் இயக்கும் வசதியும் அமைக்கப்பட்டது. பள்ளி மாணவர்க்கு இவ்வசதி எவ்வளவு முதன்மையானது என்பதை ஆய்வகக் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவ இசைவு பெற முயன்ற ஆசிரியர் எவரும் அறிவர். கைப்பேசி மட்டுமே கையிலுள்ள மாணவருக்கு மணற்பெட்டி ஒன்றே கணினி ஆய்வகம்.

கட்டமைப்புத் தானியக்கத்தின் பிறப்பு வேறொரு தேவையில் நிகழ்ந்தது. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் ‘மேக்’ என்னும் கருவியை உருவாக்கினார். உடன்பணியாளர் ஒருவர் தம் நிரலில் பிழையைத் திருத்தியிருந்தும், திருத்திய கோப்பை மீண்டும் தொகுக்க மறந்ததால் இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுதை இழந்தார் என்பதே இதன் தோற்றக் காரணமாகச் சொல்லப்படுவது. எனவே மேக் கேட்கும் கேள்வி எளியது: எந்தக் கோப்பு எதிலிருந்து பிறக்கிறது? அதனைப் பிறப்பிக்கும் கட்டளை யாது? இவற்றை ஒரு விதிக்கோப்பில் எழுதிவிட்டால், மூலத்தின் திருத்த நேரத்தையும் விளைவின் நேரத்தையும் ஒப்பிட்டு, பழையதாகிப்போன விளைவை மட்டும் கருவி மீண்டும் உருவாக்கும். பின்வந்த ஆன்ட், மேவன், கிரேடில் ஆகியவை ஜாவா உலகிற்கும், 2015-இல் கூகுள் திறந்த மூலமாக வெளியிட்ட பேசல் பெருந்திட்டங்களுக்கும் இக்கருத்தை விரித்தன. பேசல் நேரத்தை நம்புவதில்லை. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணித்த சுருக்க எண்ணையே ஒப்பிடும். மூலநிரல் மாறும்போதெல்லாம் இப்பணிகளை வழங்கியில் தாமே தொடங்கி, சோதனைகளையும் நடத்தி, தேறியதா இல்லையா எனக் காட்டும் தொடர் ஒருங்கிணைப்புச் சேவைகள் இவ்வரிசையின் அடுத்த படிநிலை.

மேக்கின் இலக்கணத்தில் ஒரு விந்தை உண்டு. கட்டளை வரி ‘தாவல்’ குறியோடுதான் தொடங்க வேண்டும். இடைவெளிகளை இட்டால் கருவி ஏற்காது. இது பொருந்தா அமைப்பு என்பதை ஃபெல்ட்மனே விரைவில் உணர்ந்தபோதும், அதற்குள் பன்னிருவர் அளவிலான பயனர்கள் சேர்ந்துவிட்டதால் மாற்றத் தயங்கினார். சொற்செயலியில் தட்டச்சிட்ட பாடக்குறிப்பிலிருந்து விதிக்கோப்பைப் படியெடுக்கும் வகுப்புகளில் இன்றும் முதல் அரைமணி நேரம் இதற்கே செலவாகும்.

27, 9, 5

இவ்விரு கருவிகளின் வேறுபாட்டைக் காணப் ‘புதுக்கடை’ என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். கன்னியாகுமரி மாவட்டத்தின் பேரூராட்சிகளுள் ஒன்றான இவ்வூர், 1954 ஆகஸ்ட் 11 அன்று நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டால் தெற்கெல்லைப் போராட்ட வரலாற்றில் இடம்பெற்றது. இப்பெயரின் நீளம் எவ்வளவு என்று பைத்தான் மொழியைக் கேட்டால் விடை என்ன?

தமிழாசிரியர் கூறும் விடை 5: பு, து, க், க, டை. பைத்தானின் மூன்றாம் பதிப்பு கூறும் விடை 9. ஒருங்குறியில் உயிர்மெய் எழுத்து ஒற்றைக் குறியாக வைக்கப்படவில்லை. அகர உயிர்மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள்; புள்ளியும் தனிக்குறி. ப, உகரக்குறி, த, உகரக்குறி, க, புள்ளி, க, ட, ஐகாரக்குறி என ஒன்பதாகிறது. பைத்தானின் இரண்டாம் பதிப்பில் மேற்கோட்குறிக்குள் இட்ட இதே சரத்தின் நீளம் 27 ஆகும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு கொள்வதும், இரண்டாம் பதிப்பு பைட்டுகளையே எண்ணியதும் இதற்குக் காரணம். அப்பதிப்பிற்கான ஆதரவு 2020 சனவரி 1-உடன் முடிந்தது. அதற்கு முன் அதில் எழுதப்பட்ட நிரல்களும் அவை தந்த எண்களும் மறைந்துவிடவில்லை. தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியோடு சேர்த்துத் தரநிலையாக அறிவித்த டேஸ்16 குறியீட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் உண்டு என்பதால் அங்கு விடை நேரடியாகவே 5. ஆனால் இணையம் முழுவதும் ஒருங்குறியிலேயே இயங்குகிறது.

ஆக, ஒரு சொல்லுக்கு மூன்று விடைகள். மூன்றும் அவ்வச்சூழலில் சரியானவை. நிரல்வரியில் ஓரெழுத்தும் மாறாதிருக்க, இயங்கும் சூழல் மாறியதால் மட்டும் 27 என்பது 9 ஆகிறது. மணற்பெட்டியில் எவ்விடை வரும் என்பதை மணற்பெட்டியை நடத்துவோர் எந்தப் பதிப்பை வைத்திருக்கின்றனர் என்பதே முடிவு செய்கிறது. அப்பதிப்பைப் பயனரைக் கேளாமலேயே அவர்கள் உயர்த்துவர்; காப்பு நோக்கில் அதுவே முறையும் ஆகும். பயனரின் உலாவியும் இவ்வாறே ஒரு சூழல். தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துப் ‘புதுக்கடை’க்கு 5 என விடைதரும் ஜாவாஸ்கிரிப்ட் கூறு ஒன்று உலாவிகளில் உண்டு, ஃபயர்பாக்ஸ் உலாவிக்கு அது 2024-இல்தான் வந்தது. எனவே அதற்கு முந்தைய ஃபயர்பாக்ஸ் நிறுவியுள்ள ஆய்வகத்தில், பேராசிரியரின் கணினியில் இயங்கிய நிரல் இயங்காது நிற்கும்.

புலப்படாப் பிழைகள்

எழுத்தெண்ணிக்கை தவறினால் 27 என்னும் எண்ணே ஐயத்தை எழுப்பும். கண்ணுக்குப் புலப்படாத பிழைகளே ஆய்வுக்கு ஊறு மிக்கவை.

முதலாவது சொல்லெண்ணிக்கை. உரையைச் சொற்களாகப் பிரிக்க, ‘சொல்லெழுத்துகளின் தொடர்ச்சி’ என்னும் பொருளுடைய சுருக்கக்குறியைத் தேடல்கோவைகளில் இடுவது வழக்கம். பாடநூல்கள் பெரும்பாலும் இதனையே கற்பிக்கின்றன. பைத்தானின் இயல்பான தேடல்கோவை உயிர்க்குறியையும் புள்ளியையும் சொல்லெழுத்தாகக் கொள்வதில்லை. எனவே ‘புதுக்கடை’ ப, த, க, கட என நான்கு துண்டாகிறது. ஒரு சொல் நான்காக எண்ணப்படும். அச்சுருக்கக்குறி ஜாவாஸ்கிரிப்டில் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே குறிப்பதால் அங்கு விடை சுழி. ஆயிரம் பக்க உரைக்கு எண்ணிக்கையைக் கேட்டால் கருவி பிழையென எதையும் அறிவிக்காது. ஒரு பெரிய எண்ணைத் தந்துவிட்டு அமைதியாக இருக்கும். அந்த எண்ணை வகுத்தியாகக் கொண்டு கணக்கிட்ட விழுக்காடுகள் அனைத்தும் பிழைபடும்.

இரண்டாவது, ஒரே வடிவத்திற்கு இரு குறியீடு. ‘கொல்லங்கோடு’ என்பதில் உள்ள ஒகர, ஓகார உயிர்மெய்களின் குறிகளை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு ஆகியவற்றோடு கால் சேர்த்து இரண்டிரண்டாகவும் எழுதலாம். முதல் முறையில் இப்பெயர் 11 குறி. இரண்டாம் முறையில் 13. திரையில் வேறுபாடு தெரியாது. ஒப்பிடச் சொன்னால் இவ்விரண்டும் வெவ்வேறு என்றே கணினி கூறும். ஒருங்குறி வகுத்துள்ள இயல்பாக்கம் என்னும் முறையால் இவற்றை ஒன்றாக்க இயலும்; அதை நிரலில் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். இயல்பாக்கமும் தீர்க்காத இணைகள் உள்ளன. ‘ஸ்ரீ’ என்பதன் முதலெழுத்தை ஸகரத்தைக் கொண்டும், 2005-இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இவை ஒரே வடிவில் தோன்றும். குமரி மாவட்டத் தரவில் இவ்விடர் மற்றொரு வழியிலும் வருகிறது. 1956 நவம்பர் 1-க்கு முன் இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சியின் ஆட்சியில் இருந்தமையால் பழைய ஆவணங்கள் பலவும் மலையாளத்தில் உள்ளன. மலையாளத்தின் சில்லெழுத்துகளுக்கு ஒருங்குறியில் 2008-இல்தான் தனிக்குறிகள் வந்தன. அதற்கு முன் அவை இணைப்பான் குறியோடு சேர்த்து எழுதப்பட்டன. இவ்விரு வகையையும் இயல்பாக்கம் ஒன்றெனக் கொள்வதில்லை. தமிழ், மலையாளம் ஆகிய இரு வரிவடிவங்களிலும் ஊர்ப்பெயர்களைத் தொகுக்கும் ஆய்வாளர் இதற்கெனத் தனிவிதி எழுதியாக வேண்டும்.

மூன்றாவது அகரவரிசை. கருங்கல், களியக்காவிளை, கன்னியாகுமரி என்பதே தமிழ் அகராதிகளின் வரிசை. ரகரம் முன்னும் ளகரம் அடுத்தும் னகரம் இறுதியிலும் வரும். ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டுள்ளதால், குறியெண் அடிப்படையில் வரிசைப்படுத்தும் நிரல் கன்னியாகுமரியை முதலிலும் கருங்கல்லை அடுத்தும் களியக்காவிளையை இறுதியிலும் நிறுத்தும். நெடுங்கணக்கின் இறுதியெழுத்து ஈண்டு இடையினங்களுக்கு முன்வந்துவிடுகிறது. முறையான வரிசைக்குரிய விதிகள் ஒருங்குறிக் கூட்டமைப்பின் தரவிலேயே உள்ளன. அவற்றைப் பயன்படுத்துமாறு நிரலிடம் சொல்ல வேண்டும்.

மணலில் கண்டதை ஓலையில் பொறித்தல்

மேற்கூறிய பிழைகளைக் கண்டறிய ஏற்ற இடம் மணற்பெட்டியே என்பதை வலியுறுத்த வேண்டும். ஒரு சொல்லை இட்டு, விடை பார்த்து, ஐயுற்று, மாற்றி இட்டுப் பார்க்கும் ஆய்வு மனநிலைக்குக் கட்டமைப்புக் கருவி உகந்ததன்று. ஒவ்வொரு முயற்சிக்கும் கோப்பு, விதி, சார்புநிலை என்று எழுதச் சொன்னால் கேள்வி பிறக்கும் முன்பே களைப்பு பிறக்கும். மணற்பெட்டியின் விடைவேகம் கற்றலுக்கு இன்றியமையாதது. ‘தொழில்முறை நிரலாளர்க்குக் கட்டமைப்புக் கருவி, தொடக்கநிலையினர்க்கு மணற்பெட்டி’ என்று தரம்பிரித்துக் கூறுவது இதனால் பொருந்தாது.

மணற்பெட்டியில் கண்டறிந்த உண்மை, கண்டறிந்தவரின் நினைவில் மட்டும் தங்குவதே சிக்கல். ‘புதுக்கடை நான்காக உடைகிறது’ என்பதை ஆய்வாளர் ஒருமுறை கண்டு நிரலைத் திருத்துகிறார். ஆறு திங்கள் கழித்து வேறொரு நூல்தொகுதியைச் சேர்க்கும்போதோ, உடன் ஆய்வாளர் ஒருவர் நிரலைச் சுருக்கி எழுதும்போதோ பழைய சுருக்கக்குறி மீண்டும் நுழைந்துவிடும். நுழைந்ததை எவரும் அறியார். இதனைத் தடுக்க, கண்டறிந்தவற்றைச் சோதனைகளாக எழுதி நிரலோடு சேர்த்து வைப்பதே வழி: புதுக்கடை என்பதன் எழுத்தெண்ணிக்கை 5, சொல்லெண்ணிக்கை 1, இருவகையில் எழுதிய கொல்லங்கோடு இயல்பாக்கிய பின் ஒன்றே, கருங்கல்லுக்குப் பின் களியக்காவிளை, அதன்பின் கன்னியாகுமரி. கட்டமைப்புக் கருவி ஒவ்வொரு முறையும் முதலில் இச்சோதனைகளை நடத்தும். ஒன்று பிழைத்தாலும் அட்டவணையை உருவாக்க மறுத்து நின்றுவிடும். தமிழ் எழுத்துப் பிரிப்புக்கெனப் பைத்தானில் எழுதப்பட்ட ஓப்பன்-தமிழ் என்னும் திறந்த மூல நிரல்தொகுதி இம்முறையைப் பின்பற்றுகிறது. அதன் சோதனைகள் மூலநிரலோடு ஒரே களஞ்சியத்தில் வைக்கப்பட்டுள்ளமையால், எழுத்து என்பதை அத்தொகுதி எவ்வாறு வரையறுக்கிறது என்பதை எவரும் படித்தறிய இயலும்.

ஆய்வேட்டின் பணியோட்டத்திற்கும் இது பொருந்தும். ஊர்ப்பெயர் மூலக்கோப்பிலிருந்து இயல்பாக்கிய கோப்பு, அதிலிருந்து எண்ணிக்கை அட்டவணை, அதிலிருந்து இயலில் இடம்பெறும் வரைபடம் எனக் கொள்வோம். கள ஆய்வில் இரு பெயர்கள் தவறாகப் பதிவானமை தெரியவந்து மூலக்கோப்பு திருத்தப்படுகிறது. கையால் செய்பவர் அட்டவணையைப் புதுக்கிவிட்டு வரைபடத்தை மறந்துவிடுவது எளிது. அட்டவணையில் 212 என்றும் படத்தில் 210 என்றும் இருக்கும் நிலை இப்படித்தான் நேர்கிறது. ஃபெல்ட்மனின் உடன்பணியாளர் இழந்த காலைப்பொழுதும் இவ்வகை மறதியின் விளைவே. விதிக்கோப்பு இருந்தால் ஒரே கட்டளையில் மூன்றும் புதுப்பிக்கப்படும். வரைபடத்தின் தலைப்பை மட்டும் மாற்றினால் முதலிரு படிகளும் மீண்டும் நடவா.

இதற்குரிய விலையையும் கூற வேண்டும். விதிக்கோப்பு எழுதுவது ஒரு தனித்திறன். அதன் பிழைச்செய்திகள் ஆங்கிலத்தில், அதுவும் கணினித்துறைக்கே உரிய குறுமொழியில் வருகின்றன. தமிழ்த்துறை மாணவரிடம் இதனை எடுத்த எடுப்பில் திணிப்பது பயன்தராது. பத்துச் சொற்களை எண்ணிப் பார்க்கும் வகுப்புப் பயிற்சிக்கு விதிக்கோப்பு தேவையும் இல்லை. ஓர் எண்ணைச் சான்றாகக் காட்டி ஒரு முடிவை நிறுவ முற்படும் இடத்தில்தான் அதன் தேவை தொடங்குகிறது. அவ்விடத்தில் மட்டுமேனும் நிரலையும் சோதனைகளையும் பதிப்பெண்களையும் மதிப்பீட்டாளர் கேட்டுப் பெறுவது ஆய்விதழ்கள் மேற்கொள்ளத்தக்க நடைமுறை.

நிலைபேறு

இருவகைச் சேவைகளும் பிறர் நடத்துபவை, பிறர் நிறுத்தக்கூடியவை. திறந்த மூலத் திட்டங்கள் பலவும் சோதனைகளை நடத்தப் பயன்படுத்திய டிராவிஸ் சிஐ தன் பழைய இலவசத் தளத்தை 2021 சூனில் மூடியது. உலாவியிலேயே வலைச்செயலிகளை எழுதி இயக்க இடமளித்த கிளிட்ச் 2025 சூலையில் அவற்றை இயக்கித் தரும் பணியை நிறுத்தியது. ஆயினும் இரு நிறுத்தங்களின் விளைவும் ஒன்றன்று. டிராவிஸைப் பயன்படுத்திய திட்டத்தின் சோதனைகளும் விதிகளும் அத்திட்டத்தின் களஞ்சியத்திலேயே இருந்தன. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற வேறொரு சேவைக்கேற்பச் சில வரிகளை மாற்றி எழுதினால் போதுமானதாயிற்று. சேவை எதுவுமின்றித் தம் கணினியிலேயே இயக்கவும் இயன்றது. மணற்பெட்டியில் எழுதிய நிரலைப் படியெடுத்து வைத்துக்கொண்டாலும், எந்தப் பதிப்பில், எந்தத் துணைத்தொகுதிகளோடு அது இயங்கியது என்பது அந்நிரலில் எழுதப்பட்டிருப்பதில்லை. அச்செய்தி நிரலாளருக்கே தெரிந்திருப்பதில்லை. தெரியாமலிருக்கச் செய்வதுதானே மணற்பெட்டியின் வசதி. 27 என்னும் விடையை 9 ஆக்கும் வேறுபாடு துல்லியமாக அவ்விடத்திலேயே உறைகிறது.

இரண்டும் சந்திக்கும் இடம்

அண்மைக் காலத்தில் இவ்விருவகையின் எல்லை மங்கி வருகிறது. தொடர் ஒருங்கிணைப்புச் சேவை ஒவ்வொரு முறையும் புதிய தனியறையைத் திறந்து, அதில் விதிகளை இயக்கி, முடிந்ததும் அறையை அழிக்கிறது. இயல்பில் அதுவும் ஒரு மணற்பெட்டியே. மனிதர் தட்டச்சிடுவதற்குப் பதில் விதிக்கோப்பு அதனை இயக்குகிறது. மறுபுறம், 2021-இல் ஸ்டாக்பிளிட்ஸ் அறிமுகப்படுத்திய நுட்பம் ஜாவாஸ்கிரிப்ட் உலகின் கட்டமைப்புக் கருவிகளையே உலாவிக்குள் இயங்கச் செய்தது.

தமிழாய்வுக்கு இவற்றினும் அணுக்கமானது பைண்டர் என்னும் சேவை. ஆய்வாளர் தம் நிரல், தரவு ஆகியவற்றோடு தேவையான துணைத்தொகுதிகளின் பதிப்புப் பட்டியலையும் களஞ்சியத்தில் வைத்தால், அப்பட்டியலின்படி சூழலைக் கட்டி, உலாவியில் திறந்து இயக்கும் பக்கமாக அது தருகிறது. படிப்பவருக்கு மணற்பெட்டி, அதன் அடியில் கட்டமைப்பு. புதுக்கடையில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் முதுகலை மாணவர் ஓர் ஆய்வுக் கட்டுரையின் எண்ணிக்கையைத் தாமே மீண்டும் இயக்கிச் சரிபார்க்க இதனால் இயலும். பைண்டரும் ஒரு சேவையே, அதுவும் நிற்கலாம். ஆனால் பட்டியல் களஞ்சியத்தில் இருக்கும்வரை சூழலை வேறிடத்தில் கட்ட வழியுண்டு. வகுப்பறையில் முதலில் மணற்பெட்டியில் ஊர்ப்பெயர்களை இட்டுப் பிழைகளைத் தேடவிட்டு, ஒவ்வொரு மாணவரும் கண்ட பிழையைச் சோதனை ஒன்றாக எழுதிப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கச் செய்யும் பாடமுறையை இதன்மேல் அமைக்கலாம். இவ்வாறு திரளும் சோதனைத் தொகுப்பு, அடுத்த ஆண்டு மாணவருக்கு எந்தப் பாடநூலும் தராத கருவியாகும்.

இலக்கணத் தீர்மானம்

கட்டமைப்புக் கருவி சோதனையில் எழுதியதை மட்டுமே காக்கும். எழுதியது சரியா என அது அறியாது. ‘லக்ஷ்மி’ என்பதில் எழுத்து எத்தனை? ஒருங்குறியின் பொதுவிதி ல, க், ஷ், மி என நான்கெனக் கூறும். க்ஷகரத்தை ஓரெழுத்தாகக் கொள்ளும் வழக்கின்படி மூன்று. இதனை முடிவுசெய்ய வேண்டியவர் ஆய்வாளர்.

யாப்பு தொடர்பான எண்ணிக்கையில் இது மேலும் கூர்மையடைகிறது. குறில் 1, நெடில் 2, மெய் ½ என்னும் எளிய விதியை நிரலாக்கினால் ‘புதுக்கடை’யின் மாத்திரை 5½ ஆகும். சொல்லின் இறுதி ஐகாரம் குறுகி ஒரு மாத்திரையாவதைச் சேர்த்தால் 4½. வல்லினம் ஊர்ந்த உகரங்களையெல்லாம் குற்றியலுகரம் எனக் கொள்ளும் அவசர விதியொன்றை ‘புது’ என்னும் நிலைமொழிக்கு இட்டால் எண்ணிக்கை 4 ஆகிவிடும். தனிக்குறிலை அடுத்த உகரம் முற்றியலுகரம் என்பதால் அது பிழை. இம்மூன்றில் எதனைச் சோதனையாக எழுதினாலும், நிரலும் அவ்வாறே எழுதப்பட்டிருப்பின், கருவி நாள்தோறும் பச்சைக்குறியே காட்டும். எனவே மாத்திரைக் கணக்குக்கான சோதனை ஒவ்வொன்றின் அருகிலும், அது எந்த இலக்கண விதியின்படி எழுதப்பட்டது, குறுக்கங்கள் கணக்கில் கொள்ளப்பட்டனவா என்பவற்றை ஒரு வரி விளக்கமாகத் தமிழிலேயே எழுதி வைக்க வேண்டும். அவ்வரியைக் கணினி படிப்பதில்லை. 4½ என்னும் எண்ணை ஐயுற்று அக்கோப்பைத் திறக்கும் அடுத்த ஆய்வாளர் படிப்பார்.